உயர்த்திய வண்டியும் காணாமல் போன மூன்று டிகிரியும்

ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை உயர்த்திய மறுநாள், நேரான சாலையில்கூட என் கைகளுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் வண்டி மெல்ல இடப்பக்கம் நகரும். திருத்தினால் வலப்பக்கம் போகும். மறுபடியும் திருத்த வேண்டும். வளைவில் திரும்பி முடித்த பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது, இரண்டு கையாலும் பிடித்து நேராக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கியபோது தோள்பட்டை இரண்டும் கடுத்தன.

அலைன்மென்ட் பார்க்கும் ஒரு பட்டறைக்கு இரண்டு முறை கொண்டுபோனேன். இரண்டு முறையும் டோவை (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் கோணத்தை) மட்டும் சரிசெய்து அனுப்பினார்கள். இரண்டாம் முறை அச்சிட்டுக் கொடுத்த தாளை நிதானமாகப் படித்தபோதுதான், டோவுக்கு மேலே சிவப்பு நிறத்தில் இருந்த இரண்டு எண்கள் கண்ணில் பட்டன: காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), இடப்பக்கம் −0.3 டிகிரி, வலப்பக்கம் 0.0 டிகிரி. என் வண்டிக்குத் தயாரிப்பாளர் குறித்திருக்கும் அளவு 3 டிகிரி. கேட்டதற்கு, இந்த வகை ஆக்சிலில் காஸ்டரை மாற்ற வழியே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். திருகித் திருப்பக்கூடிய அமைப்பு எதுவும் அதில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 3 டிகிரியாக இருந்தது பூஜ்யமாகிவிட்டது என்றால், எதுவோ அதை மாற்றியிருக்கிறது. மாறியதைத் திருப்பவும் முடிந்தாக வேண்டும்.

அந்த மூன்று டிகிரியை மீட்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. இடையில் ஒரு தவறும் செய்தேன். இரு முன்சக்கரங்களையும் ஒரே குழாய் தாங்கும் ஆக்சில் உள்ள வண்டியில் காஸ்டர் தனித்து நிற்கும் எண் அன்று என்பதை அந்த நான்கு மாதங்களில்தான் புரிந்துகொண்டேன். வண்டி நிற்கும் உயரம், பினியன் (எஞ்சினின் சுழற்சியை ஆக்சிலுக்குள் வாங்கும் பல்சக்கரத் தண்டு) பார்க்கும் திசை, காஸ்டர் ஆகிய மூன்றும் ஒரே இரும்புக் குழாயில் பற்றவைக்கப்பட்டவை. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் பதில் சொல்லும்.

முன் சக்கரம் இடமோ வலமோ திரும்பும்போது ஒரு கோட்டைச் சுற்றித்தான் திரும்புகிறது. மேல் கிங்பின்னையும் (சக்கரம் திரும்பத் தாங்கும் முளை) கீழ் கிங்பின்னையும் இணைக்கும் கோடு அது. சில ஆக்சில்களில் கிங்பின்னுக்குப் பதில் பால் ஜாயிண்ட் இருக்கும். வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்தக் கோட்டின் மேல்முனை பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் நேர்மறைக் காஸ்டர். சாய்ந்த கோட்டைக் கீழே தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது போய்ச் சேரும். ஆக, திரும்பும் அச்சு முன்னே போக, டயர் அதன் பின்னே இழுபட்டு வருகிறது. உருளும் நாற்காலியின் காலில் இருக்கும் சிறு சக்கரம் நாற்காலியைத் தள்ளியவுடன் தானாகவே பின்னால் திரும்பி நேராவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறு சக்கரத்துக்கும் காஸ்டர் என்றுதான் பெயர். அதில் அச்சு சாய்ந்திருக்காது, சக்கரமே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். என்றாலும் நடப்பது ஒன்றே.

அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை டிரெயில் என்பார்கள். டயரின் ஆரத்தைக் காஸ்டர் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கினால் அது ஏறத்தாழக் கிடைத்துவிடும். என் பழைய டயரில், தரையிலிருந்து அச்சு மையம் வரை 375 மி.மீ.; 3 டிகிரிக்கு டிரெயில் 20 மி.மீ. ஸ்டியரிங்கை நடுவுக்கு இழுத்துவரும் நெம்புகோலின் நீளம் அந்த இருபது மில்லிமீட்டர்தான். வண்டியை உயர்த்தியதும் அது இல்லாமலே போய்விட்டது.

போனது எப்படி என்பது ரேடியஸ் ஆர்மைப் பார்த்தால் விளங்கும். ஆக்சிலின் இரு பக்கமும் ஒவ்வொரு நீண்ட இரும்புக் கை. அதன் முன்பகுதி ஆக்சிலோடு இரண்டு புஷ்களால் (ரப்பர் உள்ள உருளைகளால்) இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருக்கும், பின்முனை சேஸிஸில் ஒரே புஷ்ஷில் தொங்கும். முன்னால் இரண்டு புஷ் இருப்பதால் கையும் ஆக்சிலும் ஏறக்குறைய ஒரே துண்டுபோல நடந்துகொள்ளும். சேஸிஸை உயர்த்தினால் கையின் பின்முனை மேலே போகும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். கை முன்னோக்கிக் கீழே சரிய, அதோடு சேர்ந்து ஆக்சிலும் உருள, கிங்பின்னின் தலை முன்பக்கம் சாயும். என் வண்டியில் கையின் நீளம் 900 மி.மீ. 50 மி.மீ. உயர்த்தினால் ஐம்பதைத் தொள்ளாயிரத்தால் வகுத்து வரும் சைன் மதிப்புக்கு உரிய கோணம் 3.2 டிகிரி. இருந்ததே 3 டிகிரி. தாளில் கண்ட சிவப்பு எண்களுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. ஸ்பிரிங்கைப் போட்ட அன்று முன்பக்கம் உண்மையில் 65 மி.மீ. உயர்ந்திருந்தது, இரும்பு பம்பரையும் வின்ச்சையும் மாட்டிய பிறகுதான் அது 50-க்கு இறங்கியது. அந்த 15 மி.மீ. காஸ்டரில் ஏறத்தாழ 1 டிகிரி. பின்பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. என் வண்டியின் இரு ஆக்சில்களுக்கும் இடைப்பட்ட தூரம் 2850 மி.மீ.; பின்பக்கம் மட்டும் 50 மி.மீ. தூக்கினால் வண்டி மூக்கைக் கவிழ்த்து இன்னுமொரு டிகிரியை எடுத்துக்கொள்ளும். பின்னால் சுமை ஏற்றினால் அதே கணக்கில் காஸ்டர் கூடும். ஆகவே காஸ்டரை அளப்பதற்கு முன், வண்டியில் நிரந்தரமாக இருக்கப்போகும் எடை முழுவதும் ஏறியிருக்க வேண்டும்: பம்பர், வின்ச், கூடுதல் பேட்டரி, கூரைத் தாங்கி, பாதியளவாவது எரிபொருள். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடித் தணியவும் வேண்டும். இதற்கெல்லாம் முன்பே ஆர்வத்தில் அளந்து குறித்த எண்களை நான் கடைசியில் அடித்துவிட்டேன்.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த வேலையில் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. முதலில் தரை. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் சிமென்ட் தரை ஒரு டிகிரி சாய்ந்திருக்கலாம், நாம் தேடுவதோ அரை டிகிரித் துல்லியம். வண்டியை ஒரே இடத்தில் முதலில் ஒரு திசையிலும், பின்பு அப்படியே திருப்பி எதிர்த் திசையிலும் நிறுத்தி அளந்து, இரண்டின் சராசரியை எடுத்தால் தரையின் சாய்வு கழிந்துவிடும். டயர்களில் காற்று சமமாக இருக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியை உடனே அளக்கக் கூடாது. முன்னும் பின்னுமாகச் சில மீட்டர் உருட்டி, பம்பரில் ஏறி நின்று நாலைந்து முறை குலுக்கினால்தான் ஸ்பிரிங் தன் இயல்பான உயரத்துக்கு வரும்.

என் ஆக்சிலில் மேல் கிங்பின் மூடியின் தட்டையான முகம் கிங்பின் அச்சுக்குச் செங்குத்தாக அமைந்திருக்கிறது. அதன்மேல் காந்த அடியுள்ள டிஜிட்டல் கோணமானியை வைத்தால் காஸ்டரை நேராகவே படித்துவிடலாம். முதல் முறை வைத்தபோது இடப்பக்கம் 0.2 டிகிரி காட்டியது. எடுத்துத் திரும்ப வைத்தேன், −0.2, இன்னொரு முறை வைத்தால் மறுபடியும் 0.2. கருவி கெட்டுவிட்டதோ என்று நினைத்துக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் பழைய பெயின்ட் ஒரு சொட்டாக வழிந்து இறுகியிருந்தது, நகத்தின் தடிமன்கூட இருக்காது. கோணமானியின் அடிப்பரப்பு 60 மி.மீ. நீளம், அதன் ஒரு முனை 0.4 மி.மீ. உயர்ந்தாலே அளவு ஏறத்தாழ 0.4 டிகிரி மாறிவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிளேடால் சுரண்டி, துணியால் துடைத்த பின் ஐந்து முறை வைத்தபோதும் ஒரே எண் வந்தது: இடப்பக்கம் −0.2, வலப்பக்கம் 0.1. பட்டறைத் தாளோடு இது ஒத்துப்போனது மனத்துக்கு நிறைவாக இருந்தது.

கோணமானியை வண்டியின் நீளவாக்கில்தான் வைக்க வேண்டும், சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். கிங்பின்னுக்குப் பின்சாய்வு தவிர உட்பக்கச் சாய்வும் உண்டு. அது காஸ்டரைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கக்கூடும். கருவி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் அந்த உட்சாய்வு அளவுக்குள் கலந்துவிடும்.

தட்டையான முகம் எதுவும் கைக்கு எட்டாத ஆக்சில்களில் வேறொரு வழி உண்டு. சக்கரத்தைத் திருப்பும்போது காஸ்டரால் கேம்பர் (முன்னால் நின்று பார்த்தால் தெரியும் சக்கரத்தின் பக்கச் சாய்வு) மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து காஸ்டரைக் கணக்கிடலாம். சக்கரத்தின் முன்பகுதி வெளிநோக்கி 20 டிகிரி திரும்பியிருக்கும்போது கேம்பரை அளந்து, அதிலிருந்து உள்நோக்கி 20 டிகிரி திரும்பியபோது அளந்த கேம்பரைக் கழித்து, வந்த விடையை 1.46-ஆல் பெருக்க வேண்டும். பட்டறைகளில் சுலபத்துக்காக ஒன்றரையால் பெருக்குவார்கள். சக்கரத்தின் அடியில் சுழலும் தட்டு வேண்டும். இல்லாவிட்டால் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலும் டயர் இழுபடாமல் திரும்பும். நேரடி அளவைச் சரிபார்க்க நான் இதையும் செய்தேன், வித்தியாசம் 0.2 டிகிரிக்குள்தான் இருந்தது.

இனி மாற்றும் வழிகள். ரேடியஸ் ஆர்ம் வண்டிக்கு எளிமையானது ஆஃப்செட் புஷ். சாதாரண புஷ்ஷில் போல்ட் போகும் துளை நட்டநடுவில் இருக்கும். இதில் சற்றுத் தள்ளியிருக்கும். நான் வாங்கியவற்றில் விலகல் 3.5 மி.மீ. ஒவ்வொரு கையிலும் முன் புஷ்ஷின் துளை மேல்நோக்கியும் பின் புஷ்ஷின் துளை கீழ்நோக்கியும் இருக்குமாறு அழுத்திச் செருக வேண்டும். அப்போது கையைப் பொறுத்தவரை ஆக்சிலின் முன்பக்கம் எழும்பி, பின்பக்கம் தாழ்ந்து, கிங்பின்னின் தலை பின்னே சாயும். இரண்டு புஷ்களுக்கும் இடையே 200 மி.மீ. இருந்தால், மொத்த விலகலான 7 மி.மீ. சரியாக 2 டிகிரி தரும். திசையைத் தலைகீழாக வைத்துவிட்டால் இதே 2 டிகிரி குறைந்துபோகும் என்பதால், கையைக் கழற்றுவதற்கு முன்பே அதன்மேல் முன், பின், மேல், கீழ் என்று பெயின்டால் எழுதிவைத்துக்கொண்டேன்.

அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் தவறு வேறு இடத்தில் நேர்ந்தது. வலது கையின் பின் புஷ் அழுத்தியில் இறங்கும்போது கொஞ்சம் சுழன்றுவிட்டது; பிறகு அளந்து பார்த்ததில் ஏறத்தாழ 30 டிகிரி. துளை நேர்கீழே இருப்பதற்குப் பதில் கீழும் பக்கமுமாக இருந்ததால், இரண்டு துளைகளுக்கும் இடையேயான தூரம் 2 மி.மீ. அளவுக்கு மாறிவிட்டது. போல்ட் போகவில்லை. ஆக்சிலை ஒரு பக்கம் ஜாக்கியால் நெம்பி, கூர்முனைக் கம்பியால் துளையை இழுத்து நேராக்கி, போல்ட்டைச் சுத்தியால் அடித்து உள்ளே அனுப்பினேன். இரவு வெகுநேரம் ஆகியிருந்தது, வேலையை முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் மேலோங்கியிருந்தது. ஏழு வாரம் கழித்து பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், அந்த ஒரு புஷ்ஷில் மட்டும் ரப்பர் நடுக்குழலிலிருந்து பிறைநிலாபோலக் கிழிந்து பிரிந்திருந்தது. மற்ற மூன்றும் புதிதுபோல இருந்தன. துளைகள் இரண்டு மில்லிமீட்டர் பொருந்தவில்லை என்று போல்ட் அன்றே சொல்லியிருக்கிறது, நான் கேட்கவில்லை.

மாற்று புஷ்ஷைச் செருகும்போது, கையிலும் புஷ்ஷின் வெளி வளையத்திலும் ஒரே நேர்கோடாக உளியால் கீறிவிட்டு, கால் அங்குலம் இறங்கும்போதெல்லாம் நிறுத்திக் கோடு பொருந்துகிறதா என்று பார்த்தேன். இம்முறை நான்கு போல்ட்களும் விரலால் தள்ளியே உள்ளே போயின.

இந்த அனுபவத்தில் எனக்குத் தெளிவான இன்னொரு விஷயம், இடவலக் காஸ்டர் வித்தியாசத்தை ரேடியஸ் ஆர்மால் சரிசெய்ய முடியாது என்பது. புஷ் மாற்றிய பிறகு அளவுகள் இடப்பக்கம் 1.8, வலப்பக்கம் 2.1. இரண்டு பக்கமும் சரியாக 2 டிகிரி கூடியிருந்தன. நடுவே இருந்த 0.3 டிகிரி வித்தியாசம் அப்படியே இருந்தது. ஆக்சில் குழாய் ஒரே துண்டு. இரு நுனிகளிலும் நக்கிள் தாங்கி (சக்கரத்தோடு திரும்பும் பாகமான நக்கிளைப் பிடித்திருப்பது) எந்தக் கோணத்தில் பற்றவைக்கப்பட்டதோ அந்த வித்தியாசம் அதன் பிறவிக்குணம். இடது கையில் ஓர் அளவும் வலது கையில் வேறு அளவும் வைத்தால், குழாய் முறுக்கிக்கொள்ளாது. புஷ்கள்தான் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக் கிழியும். வண்டி பொதுவாகக் காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். ஆனால் 0.5 டிகிரிக்குட்பட்ட வித்தியாசத்தை என் கையால் உணர முடியவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். ஒன்று, ஒன்றரை டிகிரி வித்தியாசம் தெரிந்தால் குழாயோ நக்கிளோ வளைந்திருக்கிறது என்று பொருள். அதைப் புஷ்ஷால் மறைக்க முயலக் கூடாது.

2 டிகிரிக் காஸ்டரோடு வண்டி ஓட்டத்தக்கதாக ஆகியிருந்தது, ஆனால் பழைய நிதானம் வரவில்லை. மீதியைப் பெற, கையின் பின்முனை தொங்கும் இடத்தை சேஸிஸில் 25 மி.மீ. கீழே இறக்கும் பிராக்கெட்டைப் பொருத்தினேன். இருபத்தைந்தைத் தொள்ளாயிரத்தால் வகுத்தால் 1.6 டிகிரி. இந்த வழியில் எனக்குப் பிடித்தது, கோணத்தோடு கையின் சாய்வும் பாதி திருந்துகிறது என்பதே. மிகவும் சரிந்து நிற்கும் கை, கல்லில் சக்கரம் மோதும் அதிர்வை நேராகச் சேஸிஸுக்குள் அனுப்பும். பிராக்கெட் போட்ட பின் சிறு பள்ளங்களில் ஸ்டியரிங் கொடுக்கும் உதறல் கண்கூடாகக் குறைந்தது. இதற்கு விலையும் உண்டு: முன்சக்கரத்துக்குப் பின்னால், பாறையில் உரசக்கூடிய இடத்தில், 25 மி.மீ. உயரத்தை இழந்திருக்கிறேன். பாறைகளில் ஏறுவதே முதன்மை வேலை என்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிரேக் பிடிக்கும் விசை முழுவதும் அந்த பிராக்கெட் வழியாகவே சேஸிஸுக்குப் போகிறது என்பதால், இரண்டு போல்ட்டில் தொங்கும் மெல்லிய தகட்டை நம்பக் கூடாது. பக்கவாட்டில் தாங்கும் பட்டையும் இருக்க வேண்டும்.

இப்போது அளவு இடப்பக்கம் 3.4, வலப்பக்கம் 3.7. இங்கேதான் பினியன் குறுக்கே வருகிறது. முன் ஆக்சிலின் பினியன் பின்னோக்கி, டிரான்ஸ்ஃபர் கேஸைப் (எஞ்சினின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டியை) பார்த்து நிற்கிறது. காஸ்டரைக் கூட்ட ஆக்சிலைப் பின்னே உருட்டினால் பினியனின் மூக்கு தரையை நோக்கித் தாழும். வண்டியை உயர்த்தியதால் இவ்விரண்டையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஏற்கெனவே முன்பைவிடச் சரிவாகியிருக்கும். பினியனும் தாழ்ந்தால் அந்த முனையில் இருக்கும் யூ ஜாயிண்ட் (மடங்கியபடியே சுழலும் மூட்டு) இன்னும் மடங்கும்.

இது கெடுதலா இல்லையா என்பது ஷாஃப்ட்டின் வகையைப் பொறுத்தது. வளைந்து சுழலும் யூ ஜாயிண்ட் ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரு முனையிலும் ஒற்றை ஜாயிண்ட் இருக்கும் ஷாஃப்ட்டில், ஒரு முனையின் ஏற்ற இறக்கத்தை மறுமுனை ஈடுகட்ட வேண்டும். அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் அச்சும் பினியனின் அச்சும் இணையாக இருக்க வேண்டும். என் வண்டி அந்த வகை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 3 டிகிரிக் காஸ்டரில் அவை இணையாகத்தான் இருந்தன. உயர்த்திவிட்டுக் காஸ்டரைத் தொடாமல் இருந்த நாள்களில் இரு முனைகளின் கோணமும் 3 டிகிரி வேறுபட்டு, குறைந்த வேகத்தில் ஒரு மெல்லிய துடிப்பு இருந்தது. காஸ்டரை மீட்டதும் அது போய்விட்டது. ஜாயிண்ட்கள் முன்பைவிட அதிகமாக மடங்குகின்றன, ஆனால் சமமாக மடங்குகின்றன.

டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை ஜாயிண்ட் உள்ள ஷாஃப்ட்டுக்கு இதே நியாயம் பொருந்தாது. அதில் ஏற்ற இறக்கம் இரட்டை ஜாயிண்ட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுவதால், பினியன் ஷாஃப்ட்டின் நேர்க்கோட்டில், டிரான்ஸ்ஃபர் கேஸைக் குறிபார்த்து நிற்க வேண்டும். என்னோடு காட்டுப்பாதைகளுக்கு வரும் நண்பர் ஒருவரின் வண்டி அப்படிப்பட்டது. நீளத்தை மாற்றக்கூடிய கைகளை வைத்து அவர் காஸ்டரை 6 டிகிரிக்குக் கொண்டுபோனார். ஸ்டியரிங் அருமையாக நேரானது. ஆனால் 80-ஐத் தாண்டியதும் தரையில் கால் வைக்க முடியாத அளவுக்கு ஒரு ரீங்காரம் வந்தது. டயர், பேலன்ஸ், பேரிங் என்று எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டு, கடைசியில் முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். அமைதியாக ஓடியது. 4.5 டிகிரிக்கு இறக்கியதும் ரீங்காரம் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு அடங்கியது. இரண்டையும் ஒருசேர அடைய ஒரே வழி, குழாயின் இரு நுனியிலும் நக்கிள் தாங்கியின் பற்றவைப்பை வெட்டி, பினியனை அசைக்காமல் நக்கிளை மட்டும் திருப்பி, மறுபடி பற்றவைப்பது. நன்றாகச் செய்தால் இதுவே முழுமையான தீர்வு. ஆனால் வெப்பத்தில் குழாய் வளையாமலும், இரு பக்கமும் ஒரே கோணத்திலும் அமைய வேண்டும். அதற்கான தாங்குசட்டமும் தேர்ந்த கையும் இல்லாதவர் முற்றத்தில் செய்யத்தக்க வேலை அன்று. முன் சக்கர ஹப்பைத் துண்டிக்கும் வசதியுள்ள வண்டிகளில் சாலையில் முன் ஷாஃப்ட் சுழலாது என்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் இந்தப் பினியன் கவலையில் பாதியை விட்டுவிடலாம்.

மேலும் கீழுமாக நான்கு தனிக் கைகள் உள்ள வண்டிகளில் வேலை எளிது. கீழ்க் கைகளை நீட்டினாலோ மேல் கைகளைக் குறுக்கினாலோ காஸ்டர் கூடும். ஆக்சிலில் மேல், கீழ்ப் பிணைப்புகளுக்கு நடுவே 200 மி.மீ. இருந்தால் ஒரு டிகிரிக்கு மூன்றரை மில்லிமீட்டர் போதும். மரை ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்ந்தால் அது ஒன்றேமுக்கால் சுற்று. புஷ் முனை போல்ட்டோடு பொருந்த வேண்டியிருப்பதால் அரைச் சுற்றாகத்தான் நகர்த்த முடியும். இடமும் வலமும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், லாக் நட் இறுகியிருக்க வேண்டும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டிகளுக்கு இரும்பு ஆப்பு. ஆக்சில் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னாலும், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கினால் தடித்த பக்கம் பின்னாலும் இருந்தால் காஸ்டர் கூடும். அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கி யூ போல்ட்டைத் தளர்த்திவிடும் என்பதால் நான் இரும்பைத்தான் சொல்வேன். ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் ஆடும் இணைப்பு) ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கும் வண்டியில், உயரத்துக்காக நீண்ட ஷேக்கிள் போட்டாலே காஸ்டர் குறையும். பின்முனையில் ஷேக்கிள் இருந்தால் கூடும்.

எத்தனை டிகிரி வைப்பது என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. ஜீப் ரேங்லரின் டிஜே தலைமுறைக்கு 7 டிகிரி அளவில் குறிக்கப்பட்டது. அதற்கு அடுத்து வந்த ஜேகேவுக்கு 4.2 டிகிரி அளவில்தான். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த தலைமுறைகளே இவ்வளவு வேறுபடும்போது, இன்னொருவரின் வண்டியில் நன்றாக இருந்த எண்ணை நம் வண்டிக்குக் கொண்டுவருவதில் பொருளில்லை. தொழிற்சாலை அளவிலிருந்து தொடங்குவதே என் வழக்கம். டயர் பெரிதானால் அதே கோணத்துக்கு டிரெயில் கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: என் புது டயரின் ஆரம் 400 மி.மீ., அதில் 3.4 டிகிரிக்கு 24 மி.மீ. வருகிறது, பழையதைவிட 4 மி.மீ. அதிகம். இதற்கு மேல் போனால் மெதுவான வேகத்தில் ஸ்டியரிங் கனக்கும், சக்கரத்தை முழுதாகத் திருப்பும்போது டயர் அதிகமாகச் சாய்ந்து தன் தோளில் ஏறி நிற்கும்.

டெத் வாபிள் என்று சொல்லப்படும் கடும் உதறலுக்கும் காஸ்டரைக் கூட்டுவதுதான் மருந்து என்று பலர் நம்புகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காஸ்டர் குறைந்த வண்டி அலையும். ஒரு மேட்டில் ஏறியதும் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கு உதறுகிறது என்றால், முதலில் பேன்ஹார்டு ராட்டின் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ்ஷையும் போல்ட் துளையையும், கிங்பின் பேரிங்கையும், டை ராட் முனைகளையும், டயர் பேலன்ஸையும் பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தளர்ந்த இடம் அகப்படும். தளர்வை விட்டுவிட்டுக் காஸ்டரை ஏற்றினால் உதறல் இன்னும் மோசமாகவும் கூடும். கனமான ஸ்டியரிங் டேம்பரைப் போட்டு அதை மறைப்பது ஆபத்தானது.

கடைசியாக இறுக்கும் வேலை. ரப்பர் புஷ் உள்ள போல்ட் எதையும் ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. வண்டி நான்கு சக்கரத்திலும் நின்று, குலுக்கித் தணிந்த பிறகே டார்க் ரெஞ்சைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழியும். பிறகு டோவைச் சரிபார்த்தேன், ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவர டிராக் லிங்க்கில் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) ஒரு முழுச் சுற்று தேவைப்பட்டது. சேஸிஸைத் தூக்கி முன் ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றி யூ ஜாயிண்ட் எங்கும் இடிக்கவில்லை என்பதையும், பிரேக் குழாய்கள் இழுபடவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

500 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி அளந்தேன்: இடப்பக்கம் 3.5, வலப்பக்கம் 3.8. முன் ஸ்பிரிங் இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் தணிந்திருக்கிறது. சேஸிஸ் பிராக்கெட்டின் ஒரு போல்ட் மட்டும் கால் சுற்று இடம் கொடுத்தது. இறுக்கி, தலையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவைத்திருக்கிறேன்.

அன்று திரும்பும்போது, 80-இல், நேரான சாலையில், ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் இரண்டு விரல்களை மட்டும் வைத்திருந்தேன். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் என் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாகவே நடுவுக்கு வந்து நின்றது.